குளத்தில் விளையும் கோழித்தீவனம்

கோழிச்சோறு, சாத்தே, கோழிக்குழம்பு எனப் பல வடிவங்களில் கோழி இறைச்சி நம் உணவில் இடம்பெறுகிறது. ஆனால், அந்தக் கோழி உண்ணும் உணவு எங்கிருந்து வருகிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

மலேசியப் பண்ணைகளில் இறைச்சிக்கோழிகளுக்குக் கொடுக்கப்படும் தீவனத்தில் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் முதன்மையானவை. இவற்றின் பெரும்பகுதி அர்ஜென்டினா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி செய்யப்படுகிறது. கோழி வளர்ப்புச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீவனத்திற்கே போய்விடுகிறது. ஆகவே, உலகச் சந்தையில் சோளத்தின் விலை ஏறினால் நம் ஊர்ப் பண்ணைக்காரர் தடுமாறுகிறார். 2022ஆம் ஆண்டில் தீவன விலை உயர்ந்தபோது, உள்நாட்டில் கோழிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அதனால், அவ்வாண்டு ஜூன் முதல் நாள் தொடங்கி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. தனக்கு வேண்டிய கோழியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மலேசியாவிலிருந்து பெற்றுவந்த சிங்கப்பூரிலும் அதன் தாக்கம் உணரப்பட்டது.

இத்தகைய சூழலில், உள்நாட்டிலேயே விளையக்கூடிய மாற்றுத் தீவனங்களைத் தேடுவது இயல்பே. அவற்றுள் ஒன்று நீர்த்தாவரம். குறிப்பாக, அசோலா என்னும் சிறிய நீர்ப்பெரணி பலரது கவனத்தை ஈர்த்துள்ளது. இதன் இலைகளுக்குள் ஒருவகை நீலப்பச்சை நுண்ணுயிர் வாழ்கிறது. அது காற்றிலுள்ள நைட்ரஜனைத் தாவரத்திற்குப் பயன்படும் சத்தாக மாற்றித் தருகிறது. எனவே, அசோலா விரைவாகப் பெருகுகிறது. உலர்ந்த அசோலாவில் ஏறக்குறைய 20 முதல் 25 விழுக்காடு வரை புரதம் உண்டு. இதை வளர்க்க ஆழமான குளம் தேவையில்லை. நெகிழித்தாள் விரித்த ஆழமற்ற தொட்டி, சிறிதளவு மண், மாட்டுச்சாணம், ஓரளவு நிழல் ஆகியவை இருந்தால் போதும்.

அப்படியானால், சோளத்தையும் சோயாவையும் முற்றிலும் கைவிட்டுவிடலாமா? முடியாது. அதற்குக் காரணங்கள் உள்ளன. முதலாவது, நீர். பச்சை அசோலாவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் நீரே உள்ளது. 100 கிலோவை உலர்த்தினால் ஏறக்குறைய 6 கிலோதான் எஞ்சும். இரண்டாவது, நார்ச்சத்து. மாட்டைப்போல் கோழியால் நார்ச்சத்தை நன்கு செரிக்க இயலாது. இறைச்சிக்கோழியோ ஐந்தாறு வாரங்களில் விற்பனை எடையை அடைய வேண்டும். செரிக்காத நாரால் அதன் வயிறு நிரம்பினால், வளர்ச்சி குன்றிவிடும். எனவே, மொத்தத் தீவனத்தில் ஏறக்குறைய 5 விழுக்காடு அளவில் உலர்ந்த அசோலாவைச் சேர்ப்பதே பாதுகாப்பானது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு அன்றோ!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கோழி விற்பனைக்குத் தயாராகும் வரை 3.5 கிலோ தீவனம் உண்பதாகக் கொள்வோம். 1,000 கோழிகளுக்கு 3,500 கிலோ தேவை. அதில் 5 விழுக்காடு 175 கிலோ. அத்தனை உலர்ந்த அசோலாவைப் பெற ஏறக்குறைய 3 டன் பச்சை அசோலாவை அறுவடை செய்து, அடிக்கடி மழை பெய்யும் நம் நாட்டில் உலர்த்தியாக வேண்டும். பெரிய பண்ணைகளுக்கு இது எளிதன்று. வீட்டுக் கொல்லையில் சில கோழிகளை வளர்ப்பவரோ, அன்றாடம் அள்ளும் அசோலாவைக் கழுவி, தீவனத்துடன் கலந்து கொடுக்கலாம்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. ஆகாயத்தாமரை போன்ற நீர்த்தாவரங்கள் நீரிலுள்ள ஈயம், காட்மியம் முதலிய நச்சு உலோகங்களை உறிஞ்சும் தன்மை கொண்டவை. தொழிற்சாலைக் கழிவு கலந்த ஆற்றிலிருந்து அள்ளிய தாவரத்தைக் கோழிக்குக் கொடுத்தால், அந்த நஞ்சு நம் தட்டுக்கே வந்து சேரலாம். ஆகவே, தூய நீரில் வளர்த்த தாவரத்தையே பயன்படுத்த வேண்டும்.

நீர்த்தாவரம் இறக்குமதித் தீவனத்தின் இடத்தை முழுமையாகப் பிடித்துவிடாது. ஆயினும், வாங்கும் ஒவ்வொரு 100 கிலோ தீவனத்திலும் 5 கிலோவை மிச்சப்படுத்த முடிந்தால், விலை ஏறும் காலத்தில் சிறு வளர்ப்பாளருக்கு அது கைகொடுக்கும்.