ஒப்பீட்டுக் கட்டுரை: முன்னுரையும் முடிவுரையும்

நுழையும்முன்

இரண்டு இலக்கியங்களைப் பற்றித் தனித்தனியே எழுதி ஒன்றாகச் சேர்த்துவிட்டால் அது ஒப்பீடு ஆகிவிடாது. அவற்றை ஏன் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்னும் வினாவும், பார்த்ததனால் என்ன புலப்பட்டது என்னும் விடையும் இருத்தல் வேண்டும். வினாவை எழுப்புவது முன்னுரை. விடையை உரைப்பது முடிவுரை.

மரபில் முகப்பும் முடிப்பும்

நூலுக்கு முகப்பு அமைப்பது தமிழுக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூலில் சிறப்புப் பாயிரத்திற்கு எட்டுக் கூறுகளை வகுத்துள்ளார். அவற்றுள் ஆக்கியோன் பெயர், நூற்பெயர், நுதலிய பொருள் ஆகிய மூன்றும் ஒப்பீட்டுக் கட்டுரையின் முன்னுரைக்கும் இன்றியமையாதவை. இவற்றோடு, இரண்டையும் ஒப்பிட இடந்தரும் பொதுத்தளம், கட்டுரை நிறுவ விரும்பும் கருத்து ஆகிய இரண்டும் சேர வேண்டும்.

முடிவுரைக்கும் மரபில் முன்மாதிரி உண்டு. திருஞானசம்பந்தரின் பதிகங்களில் இறுதிப் பாடல் திருக்கடைக்காப்பு எனப்படும். பாடியவர் யார், பாடுவோர் பெறும் பயன் யாது என்பவற்றை அது தெரிவிக்கும். முன்சொன்னதைத் திரும்பச் சொல்வதோடு நில்லாமல் பயனைக் கூறி முடிப்பதே அதன் இயல்பு. கட்டுரையின் முடிவுரையும் அவ்வாறே அமைதல் நன்று.

ஓர் எடுத்துக்காட்டு

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் மணவூரை அடுத்த நிலையம் திருவாலங்காடு. நடராசப் பெருமானின் ஐந்து சபைகளுள் இரத்தின சபை அமைந்த ஊர் அது. அத்தலத்தைக் காரைக்கால் அம்மையார் பாடிய இரண்டு மூத்த திருப்பதிகங்கள் பதினோராம் திருமுறையிலும், சம்பந்தர் பாடிய பதிகம் முதல் திருமுறையிலும் உள்ளன. ஊர் ஒன்று; இறைவன் ஒருவன்; பாடியவர் இருவர். எனவே, ஒப்பீட்டிற்கான பொதுத்தளம் தெளிவாக உள்ளது.

இப்பொருளில் பின்வருமாறு ஒரு முன்னுரை எழுதப்பட்டது எனக் கொள்வோம்:

“தமிழில் பக்தி இலக்கியங்கள் பல உள்ளன. அம்மையாரும் சம்பந்தரும் சிறந்த அருளாளர்கள். அவர்களின் பாடல்களில் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை இக்கட்டுரையில் காண்போம்.”

இதில் பிழையான செய்தி எதுவும் இல்லை. ஆயினும், பெயர்களை நீக்கிவிட்டு வேறு எந்த இருவரின் பெயரை இட்டாலும் இது பொருந்தும். எவருக்கும் பொருந்தும் முன்னுரை எவரையும் அறிமுகப்படுத்துவதில்லை.

கருத்தைச் சோதித்தல்

‘அம்மையார் சுடுகாட்டைப் பாடினார், சம்பந்தர் ஊரைப் பாடினார்’ என்பது முதல் வாசிப்பில் எளிதில் தோன்றும் கருத்து. அம்மையாரின் பாடல்களில் கள்ளியும் எட்டியும் சூரையும் மண்டிய ஈமக்காடு விரிகிறது. சம்பந்தரோ பாடல்தோறும் பழையனூரை ஆலங்காட்டோடு இணைத்துப் பாடுகிறார். ஆனால், சம்பந்தர் பதிகத்திலும் சுடலை உண்டு. பேய்க்கணத்தோடு ஆடும் இறைவனும் உண்டு. ஆகவே அக்கருத்து நிலைபெறாது. தன் கருத்துக்கு மாறான சான்றை மறைத்து எழுதும் கட்டுரை நேர்மை உடையதாகாது. சான்றை ஏற்றுக் கருத்தைத் திருத்துவதே முறை.

மீண்டும் வாசித்தால் வேறுபாடு பாடுபவர் நிற்கும் இடத்தில் இருப்பது புலப்படும். அம்மையார் இரு பதிகங்களின் இறுதியிலும் தம்மைக் காரைக்கால் பேய் என்றே குறிப்பிடுகிறார். திருத்திய முன்னுரை இவ்வாறு அமையலாம்:

“திருவாலங்காட்டுக் கூத்தைக் காரைக்கால் அம்மையார் மூத்த திருப்பதிகங்களிலும், திருஞானசம்பந்தர் முதல் திருமுறைப் பதிகத்திலும் பாடியுள்ளனர். சுடலையும் பேய்க்கணமும் இருவர் பாடல்களிலும் இடம்பெறுகின்றன. எனினும் அக்காட்சியை அம்மையார் பேய்களுள் ஒருவராக நின்று காண்கிறார். சம்பந்தர் பழையனூரோடு சேர்த்துக் காண்கிறார். நிற்கும் இடம் மாறுவதால் பாடலின் பயனும் மாறுகிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.”

முடிவுரை அமைத்தல்

முன்னுரை எழுப்பிய வினாவிற்கு முடிவுரை விடை கூற வேண்டும். ‘இருவரும் தத்தம் வகையில் சிறந்தவர்கள்’ என்பது விடையன்று. யார் உயர்ந்தவர் எனத் தீர்ப்பளிப்பதும் ஒப்பீட்டின் நோக்கமன்று.

“அம்மையார் கூறும் பயன் பாடுவோரைச் சேர்கிறது: அவர்தம் பாவம் நீங்கும், சிவகதி கிட்டும். சம்பந்தர் கூறும் பயன் பாடுவோரைக் கடந்தும் செல்கிறது: அவர்கள் சென்று சேரும் இடமெல்லாம் தீர்த்தமாகும். சுடலையில் நின்றவர் பாடல் பாடுவோரின் வீடுபேற்றைப் பேச, ஊரை நினைந்தவர் பாடல் பாடுவோர் சேரும் இடங்களையும் தூய்மையாக்குகிறது. ஒரு பதிகத்தைத் தனியே வாசித்தால் இவ்வேறுபாடு கண்ணில் படாது.”

இம்முடிவுரையின் இறுதித் தொடர் ஒப்பீட்டின் பயனைக் கூறுகிறது. மூன்று பதிகங்களைக் கொண்டு பக்தி இயக்கம் முழுவதையும் பற்றி முடிவு கூறாமல், சான்று செல்லும் எல்லையோடு நின்றுவிடுகிறது. முன்னுரையும் முடிவுரையும் எழுதியபின் இரண்டையும் மட்டும் அடுத்தடுத்து வாசித்துப் பார்க்க வேண்டும். வினாவும் விடையும் பொருந்தவில்லையெனில் முன்னுரையைத் திருத்துதல் தகும்.

தெரிந்து தெளிவோம்

அம்மையார் தலையால் நடந்து சென்ற திருவாலங்காட்டைக் காலால் மிதிக்கச் சம்பந்தர் அஞ்சினார் எனச் சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறுகிறார்.

கற்பவை கற்றபின்

1. திருத்தணிகை முருகனை அருணகிரிநாதரும் வள்ளலாரும் பாடியுள்ளனர். இருவர் பாடல்களுள் ஒவ்வொன்றைத் தேர்ந்து, ஒப்பீட்டிற்கு உரிய வினா ஒன்றை உருவாக்குக.
2. அவ்வினாவிற்கு ஏற்ற முன்னுரையும் முடிவுரையும் எழுதுக.
3. உங்கள் முன்னுரையில் வேறு இரு புலவர்களின் பெயர்களை இட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் அதைத் திருத்தி எழுதுக.