துணி எதை நிறுத்தும்?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

மாரண்டஹள்ளியில் எங்கள் வீட்டு அடுப்பங்கரை ஆணியில் வெள்ளை மல் துணி ஒன்று எப்போதும் தொங்கும். ஊறவைத்த கேழ்வரகை அதில்தான் முளைகட்டுவார்கள். இழை நெருக்கமில்லாததால் காற்று உள்ளே சென்றுவர, தானியம் புழுங்கி அழுகுவதில்லை. முளைத்ததை அரைத்துக் கைக்குழந்தைக்குப் பால் எடுப்பதும் அதிலேதான். கண்ணுக்குத் தெரியாத மாவுத் துகள்கள் நீரோடு இறங்கும். தோலும் சக்கையும் மேலே தங்கும். மெல்லப் பிழிய வேண்டும். முறுக்கிப் பிழிந்தால் இழை விலகிச் சக்கையும் வந்துவிடும். இந்தப் பக்குவம் எந்தப் பாடநூலிலும் இல்லை!

இத்துணியின் ஆற்றல் சிறிதன்று. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில், பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்துக் குடிநீரை வடிக்கச் செய்தார்கள். அவ்வூர்களில் காலரா சுமார் 48 விழுக்காடு குறைந்ததாக ரீட்டா கால்வெல் குழுவினர் 2003-இல் வெளியிட்டனர். காலராக் கிருமி தனியே துணியைக் கடந்துவிடும். ஆனால் நீரில் வாழும் நுண்ணிய மிதவை உயிரிகளில் அது ஒட்டியிருக்கிறது. அவ்வுயிரிகள் துணியில் சிக்குகின்றன. புதுச் சேலையைவிடப் பழையதே மேல். துவைத்துத் துவைத்து நூல் பிசிறுவதால் துளைகள் சிறுத்துவிடுகின்றன.

இவ்வளவும் படித்த பிறகு பாட்டியின் பேச்சுக்கு மறுமொழி சொல்லியாக வேண்டியிருந்தது. "துணியில வடிச்ச போர் தண்ணிக்கு என்னடா குறை?" என்பார். நம் மாவட்டத்துக் குழந்தைகளின் பல்லில் காணும் பழுப்புக் கறைதான் குறை. பாறையிலிருந்து கரையும் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் கிணறுகள் இங்கே பல. கரைந்த பொருளைத் துணி நிறுத்தாது. உப்பு நீரை நான்கு மடிப்புத் துணியில் வடித்துப் பாட்டியின் நாவில் ஒரு சொட்டு வைத்தேன். "கரிக்குதே!" என்றார். காய்ச்சினாலும் பயனில்லை, நீர் வற்ற வற்ற ஃபுளோரைடின் செறிவு கூடவே செய்யும்.

நிலைத்த பல் முளைக்குமுன் ஈறுக்குள் உருவாகும் வயதில்தான் கறைக்கு வித்து விழுகிறது. ஆகவே குழந்தையின் கேழ்வரகுப் பாலுக்கு, 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே எடுக்க வேண்டும். போர் தண்ணீர் பாத்திரம் கழுவட்டும். துணியை ஒவ்வொரு முறையும் அலசி வெயிலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் நாமே கிருமிக்கு வீடு கட்டித் தந்தவர்கள் ஆவோம். எங்கள் வீட்டில் இப்போது குடங்கள் இரண்டு. குழந்தைக்குரியதன் கழுத்தில் பாட்டியே சிவப்பு நூல் கட்டியிருக்கிறார்.