முகத்துக்கு மண் பூசலாமா?

மைசூரில் தேவராஜா மார்க்கெட் பெரிய சந்தை. பூ, குங்குமம், சந்தனம் வாங்க அங்கே கூட்டம் வரும். சந்தனத்தைப் போலவே முல்தானி மட்டியையும் பெண்கள் முகத்தில் பூசுகிறார்கள். இது ஒரு களிமண். முல்தான் என்பது ஊர்ப் பெயர். அது இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது.

இந்த மண் எண்ணெயை உறிஞ்சும். அதனால் முகம் பளிச்சென்று தெரியும். ஆனால் தோலின் நிறம் மாறாது. கறுப்பு ஒரு நோயா என்ன?

இரண்டு ஸ்பூன் மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டும். முதலில் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவிக் கழுவ வேண்டும். மறுநாள்வரை அரிப்பு, தடிப்பு வராவிட்டால் முகத்தில் பூசலாம். கண்ணில் படக் கூடாது. எலுமிச்சைச் சாறு சேர்த்தால் எரியும். பத்து நிமிடம் போதும். மண் இறுகித் தோலை இழுக்கும் முன்பே கழுவிவிட வேண்டும். வறண்ட தோலுக்கு இது ஒத்துக்கொள்ளாது.

சிலர் சீக்கிரம் வெளுக்க வேண்டும் என்று க்ரீம் வாங்குகிறார்கள். சில மலிவான க்ரீம்களில் பாதரசம் இருக்கிறது. 2023-இல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் அப்படிப் பூசிய சிலருக்குச் சிறுநீரகமே கெட்டது. டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். தயாரித்தவர் முகவரி இல்லையா? வாங்காதீர்கள். ஏற்கெனவே பூசியவருக்குக் கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்தாலோ, அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும்.