ஆங்கில வினாத்தொடர்களில் துணைவினைத் தேர்வு: தமிழ் வேற்றுமை இலக்கண நோக்கில் ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில வினாத்தொடரில் எத்துணைவினையை எழுவாய்க்கு முன் நிறுத்துவது என்பது தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட கற்போர்க்கு இடர் தரும் பகுதியாகும். இவ்விடருக்கான மொழியியல் காரணங்களை விளக்கி, 'டூ' என்னும் துணைவினை வருமிடத்தை அறியத் தமிழ் வேற்றுமை அறிவு எவ்வளவு துணைசெய்யும், எவ்விடத்துத் துணைசெய்யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வினாத்தொடர், துணைவினை, எழுவாய், நான்காம் வேற்றுமை, ஒப்பிலக்கணம்

முன்னுரை

தொல்காப்பியம் ஆ, ஏ, ஓ ஆகிய மூன்றனையும் வினா எனக் கொள்கிறது. நன்னூல் எ, யா என்பன சொல்லின் முதலிலும், ஆ, ஓ என்பன இறுதியிலும், ஏ ஈரிடத்தும் வினாப்பொருள் தரும் என வரையறுக்கிறது. இவற்றால் தமிழ் வினா எழுத்தின் சேர்க்கையால் அமைவது புலனாகும். ஆங்கில வினாவோ பெரும்பான்மையும் சொல்லின் இடமாற்றத்தால் அமைகிறது. இவ்வேறுபாட்டை உணர்த்தாமல் துணைவினைகளைப் பட்டியலாகக் கற்பிப்பது கற்போரின் பிழைகளைக் களையப் போதுமானதன்று.

1. சேர்க்கையும் இடமாற்றமும்

'கண்ணன் நேற்று வந்தானா?', 'கண்ணன் நேற்றா வந்தான்?', 'கண்ணனா நேற்று வந்தான்?' என ஆகாரம் சேரும் சொல்லுக்கேற்ப வினவப்படும் பொருள் மாறுகிறது. சொற்களின் வரிசை மாறவில்லை. ஆங்கிலத்தில் 'ஹி இஸ் கமிங்' என்பது 'இஸ் ஹி கமிங்?' என எழுவாயும் துணைவினையும் இடம்மாறி வினாவாகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட துணைவினைகள் வரின் முதலாவது மட்டுமே முன்செல்லும். 'ஷி ஹேஸ் பீன் ரீடிங்' என்பதன் வினா 'ஹேஸ் ஷி பீன் ரீடிங்?' என்பதாகும்.

2. துணைவினையை இனங்காணல்

'பெட்டியைக் கீழே வைத்தான்' என்பதில் 'வை' முதல்வினை. 'எழுதிவைத்தான்' என்பதில் துணைவினை. வடிவம் ஒன்றாயினும் பணி வேறு. இதனை அறிந்த தமிழ் மாணவருக்கு ஆங்கில 'ஹேவ்' என்பதன் இருநிலையும் எளிதில் விளங்கும். 'சாப்பிட்டிருக்கிறாயா?' என்னும் பொருளில் வரும் 'ஹேவ் யூ ஈட்டன்?' என்பதில் அது துணைவினை. ஆகவே தானே முன்செல்கிறது. 'உனக்கு நேரம் இருக்கிறதா?' என்பதற்கு இன்று பெருவழக்காக உள்ள 'டூ யூ ஹேவ் டைம்?' என்பதில் அது முதல்வினை. ஆகவே 'டூ' வேண்டப்படுகிறது.

ஐயம் எழுமிடத்து எதிர்மறையாக்கம் அளவுகோலாகும். 'நாட்' என்னும் சொல்லைத் தனக்குப் பின் நேரடியாக ஏற்கும் வினையே வினாவில் முன்செல்லும். 'ஹி இஸ் நாட் எ டீச்சர்' என வருதலின் 'இஸ் ஹி எ டீச்சர்?' என வினா அமைகிறது. 'அவர் ஆசிரியரா?' என்னும் தமிழ்த்தொடர் பெயர்ப்பயனிலை கொள்வதால் அதில் வினைக்கு இடமில்லை. ஆங்கிலத்தில் அவ்விடத்து 'இஸ்' கட்டாயமாதலின் அதனைத் தனியே கற்பித்தல் வேண்டும்.

3. 'டூ' வருகையும் காலங்காட்டலும்

பழைய ஆங்கிலத்தில் முதல்வினையே எழுவாய்க்கு முன் சென்று வினாவை உணர்த்தியது. 'டூ' கொண்ட வினாக்கள் பிற்காலத்தே பெருகின. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இருவகை வினாக்களும் விரவி வருகின்றன. இன்றைய ஆங்கிலத்தில் துணைவினை இல்லாத தொடர் வினாவாகும்போது 'டூ' தோன்றிக் காலத்தைத் தான் ஏற்கிறது. முதல்வினை அடிவடிவில் நிற்கிறது.

'டிட் ஹி கேம்?' என்னும் பிழை இங்கு எழுகிறது. 'வந்தானா' என்பதில் காலம் இடைநிலையாலும் வினா ஈற்று ஆகாரத்தாலும் உணர்த்தப்படுகின்றன. ஆகாரம் காலம் காட்டுவதில்லை. 'டிட்' என்பதையும் ஆகாரம் போன்ற வெறும் வினா உறுப்பாகக் கருதுவோர் காலத்தை மீண்டும் முதல்வினையில் ஏற்றுகின்றனர். 'டிட் ஹி கம்?' என்பதே மரபு.

4. வினாச்சொல்லும் வேற்றுமையும்

'யார் வந்தார்?' என்பது 'ஹூ கேம்?' எனவும், 'யாரைக் கண்டாய்?' என்பது 'ஹூ டிட் யூ ஸீ?' எனவும் ஆகும். வேறு துணைவினை இல்லாதபோது, வினாச்சொல் எழுவாயாயின் 'டூ' வாராது, செயப்படுபொருளாயின் வரும். பேச்சாங்கிலத்தில் 'ஹூ' என்னும் ஒரே வடிவம் மறைக்கும் இவ்வேறுபாட்டைத் தமிழ் வேற்றுமையுருபு வெளிப்படையாகக் காட்டுகிறது. 'என்ன நடந்தது?', 'என்ன சொன்னாய்?' என உருபின்றி வருமிடத்து 'எதை' என மாற்றிப் பார்த்தல் தகும். மாற்ற இயலும் இரண்டாவது தொடருக்கே 'டூ' உரியது. 'யாருடைய மகன் வந்தான்?' போன்றவற்றில் ஆறாம் வேற்றுமையைக் கொள்ளாது, 'யாருடைய மகன்' என்னும் தொடர் முழுவதும் எழுவாயாதலையே கொள்ளவேண்டும். ஆகவே 'ஹூஸ் சன் கேம்?' என்பதில் 'டூ' இல்லை.

5. நான்காம் வேற்றுமையின் வரம்பு

இவ்வளவுகோல் நான்காம் வேற்றுமையில் தடைப்படுகிறது. 'யாருக்குக் கொடுத்தாய்?' என்பதற்கு 'ஹூ டிட் யூ கிவ் இட் டூ?' என 'டூ' துணைவினை வருகிறது. 'யாருக்குத் தெரியும்?' என்பதற்கோ 'ஹூ நோஸ்?' எனத் துணைவினையின்றி அமைகிறது. முன்னையதில் குவ்வுருபு கொள்வோனைக் குறிக்கிறது. பின்னையதில் அறிவோனைக் குறிக்கிறது. தெரி, புரி, பிடி, வேண்டு முதலியவற்றோடு நான்காம் வேற்றுமையில் வரும் அறிவோனும் விரும்புவோனும் 'நோ', 'லைக்', 'வான்ட்' முதலிய ஆங்கில வினைகளுக்கு எழுவாயாகின்றனர். வினைமுற்றின் இயைபும் இங்கு வழிகாட்டாது. 'யாருக்கு இந்தப் பாட்டுப் பிடித்தது?' என்பதில் வினைமுற்று பாட்டோடு இயைகிறது. எனவே உருபை மட்டும் நோக்காது உருபின் பொருளையும் நோக்குதல் இன்றியமையாதது.

முடிவுரை

ஆங்கில வினாவாக்கத்தில், துணைவினை உளதாயின் முதலாவதை முன்னிறுத்தல், இலதாயின் 'டூ' கொணர்ந்து காலத்தை அதன்மேல் ஏற்றல், வினாச்சொல்லே எழுவாயாயின் 'டூ' தவிர்த்தல் என்பன அடிப்படை நெறிகளாகும். மூன்றாம் நெறியை உணர்த்தத் தமிழ் வேற்றுமை நேரிய கருவியாகிறது. நான்காம் வேற்றுமையில் மட்டும் கொள்வோன், அறிவோன் என்னும் பொருட்பாகுபாடு உடன்வேண்டும். தாய்மொழி இலக்கணம் பிறமொழிக் கல்விக்குத் தடையென விலக்கத்தக்கதன்று. அதன் வரம்பறிந்து பயன்கொள்ளின் வகுப்பறைக்குரிய விளக்கக் கருவியாகும் என்பது இவ்வொப்பாய்வால் பெறப்படும்.