வீட்டுத் தொழிலும் உடைமை உரிமையும்

தொழில் தொடங்க முதலில் பணம் வேண்டும், அடுத்துக் கட்டடமும் இயந்திரமும் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். ஸ்ரீ மகிளா கிருஹ உத்யோக் லிஜ்ஜத் பாப்பட் என்னும் அப்பள நிறுவனத்தின் வரலாறு இவ்வெண்ணத்திற்குப் புறம்பானது.

1959 மார்ச் 15ஆம் நாள் பம்பாயில், அதாவது இன்றைய மும்பையில், கிர்காம் பகுதிக் குடியிருப்பு ஒன்றின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கூடி நான்கு பொட்டலம் அப்பளம் தயாரித்தனர். கடனாகப் பெற்ற 80 ரூபாயே அவர்களது முதலீடு. சமையலைத் தவிர வேறு தொழில் அவர்கள் கற்றவரல்லர். அந்த எழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் 2021இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வானார்.

முதலாண்டு விற்பனை 6,196 ரூபாய். அவ்வாண்டின் மழைக்காலத்தில் அப்பளம் காயாமையால் நான்கு மாதம் வேலை நின்றது. மறு ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினர். கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டி உலர்த்தினர். இடர்ப்பாடு இன்னதெனத் துல்லியமாக அறிந்தவர்க்குத் தீர்வு எத்துணை எளிதாகக் கிட்டுகிறது என்பதை மாணவர்கள் இங்கே கருதிப் பார்க்கலாம்.

வேலைமுறையும் எளியதே. மாவு ஒரே இடத்தில் பிசையப்படுவதால் சுவை மாறுவதில்லை. உறுப்பினர் காலையில் மாவைப் பெற்றுச் சென்று, வீட்டில் அப்பளமிட்டு உலர்த்தி, மறுநாள் எடை போட்டுக் கொடுத்துக் கூலி பெறுகின்றனர். சேர விரும்புவோர் வீட்டில் துப்புரவும் உலர்த்துவதற்கு இடமும் உண்டா என்று பார்க்கப்படுகிறது. இடமில்லாதவர் மாவு பிசைதல், பொட்டலமிடுதல் போன்ற பணிகளை ஏற்கலாம்.

மேலோட்டமாக நோக்கின், இது பழைய பீடித் தொழிலை ஒத்ததே. அங்கும் இலையும் தூளும் வீட்டிற்குச் செல்கின்றன, பீடி திரும்பி வருகிறது, எண்ணிக்கைக்கேற்பக் கூலி. ஆனால் அங்கே இலையைக் குறைத்துக் கொடுப்பதும், சுற்றிய பீடியைக் கழித்துத் தள்ளிக் கூலியைப் பிடிப்பதும் ஓயாத பூசலாயின. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் இப்பூசல்களைத் தீர்ப்பதற்கென்றே தனி விதி வகுக்க நேர்ந்தது.

அதே 1966இல் லிஜ்ஜத் ஒரு சங்கமாகப் பதிவு பெற்றது. கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் ஏற்பும் கிட்டியது. இங்கு மாவைத் தருபவரும் அப்பளத்தைச் சோதிப்பவரும் உறுப்பினர்களே. ஆடவர் ஊதியத்திற்குப் பணிபுரியலாம், உறுப்பினராக இயலாது. கிளையின் இலாபமும் நட்டமும் அக்கிளையின் பெண்களுக்கே உரியன. தொடக்கத்திலேயே நன்கொடை பெறுவதில்லை என உறுதி பூண்டனர். கொடையாளி வந்தால் அவர் குரலும் உடன் வருமன்றோ! வேலை ஒன்றே, உடைமை வேறு. பீடி சுற்றியவர் கழிவைக் குறித்து முறையிட ஓர் அதிகாரியைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது; அப்பளமிடுபவர்க்கு அவ்வழக்கு தம் கூட்டத்திலேயே தீரக்கூடியது.

இவ்வேறுபாடு இன்று மீண்டும் கவனத்திற்குரியதாகிறது. கைப்பேசிச் செயலி வழியே உணவு கொண்டு சேர்ப்போரும் வாடகை வண்டி ஓட்டுவோரும் ‘பங்காளிகள்’ என்று அழைக்கப்படுகின்றனர். வண்டியும் எரிபொருட் செலவும் பெரும்பாலும் அவர்களுடையவை. கட்டணத்தையோ வேலைப் பங்கீட்டையோ அவர்கள் வகுப்பதில்லை. 2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இத்தகையோரை முதன்முறையாக வரையறுத்துள்ளது. இவர்களுக்கான நல நிதிக்கு நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை செலுத்த வேண்டும். இத்தொகை தொழிலாளர்க்கு வழங்கப்படும் தொகையில் 5 விழுக்காட்டை மிகலாகாது. விபத்துக்கும் முதுமைக்கும் இந்நிதி துணையாகலாம். கூலியை வகுக்கும் மேசையில் அவர்களுக்கு இடமளிப்பது இச்சட்டத்தின் நோக்கமன்று. அதற்குக் கூட்டுறவோ, சங்கமோ, லிஜ்ஜத் போன்ற வேறோர் அமைப்போ தேவைப்படும்.