மூக்கின் ஈரத்தை நம்பாதே

இராஜபாளையம்

சிரஞ்சீவி மீனாவுக்கு மாமா அநேக ஆசீர்வாதம்.

பரீட்சையைப் பற்றியும் மாடிவீட்டுக்காரரைப் பற்றியும் விஸ்தாரமாக எழுதிவிட்டு, கடைசியில் ஓரமாக, உன் நாய் மணி இரண்டு நாளாகச் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறான், கட்டிலுக்கடியிலேயே சுருண்டு கிடக்கிறான், ஆயினும் மூக்கு ஈரமாக இருப்பதால் பயமில்லை என்று அப்பா சொல்கிறார் என்றும் எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு மற்றச் சமாசாரங்கள் ஒன்றும் என் மனத்தில் தங்கவில்லை.

மூக்கின் ஈரம் ஒரு சாட்சியே அன்று. தூங்கி எழுந்த நல்ல நாய்க்கும் மூக்கு உலர்ந்திருக்கும். ஜுரத்தில் கிடக்கும் நாய்க்கும் அது நனைந்திருக்கலாம். தொட்டுப் பார்த்து ஜுரம் சொல்வதும் வீண். நமக்கு 98.6 டிகிரி இயல்பென்றால் நாய்க்கு 101 முதல் 102.5 வரை இயல்பு. ஆகையால் ஆரோக்கியமான நாயும் நம் கைக்குச் சுடத்தான் செய்யும்.

பார்க்க வேண்டியது ஈறு. ஆனால் ஒன்று: எச்சில் ஒழுகி, குரல் மாறி, விழுங்கத் திணறுகிற நாயின் வாயருகே கையைக் கொண்டுபோகவே கூடாது, தொண்டையில் எலும்பு சிக்கியதென்று எண்ணித் துழாவி, வெறிநோயை விலைக்கு வாங்கியவர்கள் உண்டு. மணிக்கு அப்படி ஒன்றும் இல்லையென்றால், மேலுதட்டை மெள்ளத் தூக்கி, ஈறை விரலால் அழுத்தி எடு. வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். அவனுக்கு ஈறு பாதி கறுப்பு ஆயிற்றே, அதனால் கீழிமையையும் இழுத்து உட்புறத்தைப் பார். அது வெளிறியிருந்து, காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி தென்பட்டு, மூத்திரமும் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இறங்கினால், உண்ணிக் காய்ச்சல் ரத்தத்தின் சிவப்பணுக்களை அழித்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அந்நோய்க்கு மருந்து உண்டு, காலம்தான் தரமாட்டாது.

உன் அப்பாவைக் குறை சொல்வதாக நினையாதே. ஆனால் முன்பிருந்த நாய் ராமு விஷயத்திலும், "விடியட்டும், பார்த்துக்கொள்வோம்" என்று சொன்னவர் அவரே. அலமாரியிலிருந்த காய்ச்சல் மாத்திரையை வெல்லத்தில் பொதிந்து ஊட்டியவரும் அவரே. அக்காவுக்கு எல்லாம் தெரியும்; வாய் திறக்கமாட்டாள். மருத்துவர் அளந்து கொடுக்காத பாரஸிடமால் நாயின் கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். இபுபுரூஃபனோ இரைப்பையைப் புண்ணாக்கும். அத்தான் பெரிய படிப்பாளிதான். சட்டப் புத்தகத்தில் இவை இல்லாததற்கு அவர் என்ன செய்வார்?

இன்னும் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம், அல்லது இன்றே வேப்பேரிக்கு அழைத்துப் போகலாம். நான் நிர்ப்பந்திக்கவில்லை, தீர்மானம் முற்றிலும் உன்னுடையது. 1903 முதல் மாடும் குதிரையும் நாயுமாகப் பார்த்துவருகிற கல்லூரியின் ஆஸ்பத்திரி, புரசைவாக்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, ஒரு நாள் பொறுப்பதால் என்ன லாபம் என்று மட்டும் யோசி. கடைசியாகப் போட்ட தடுப்பூசிச் சீட்டையும், முடிந்தால் சுத்தமான சீசாவில் கொஞ்சம் மூத்திரத்தையும் எடுத்துப் போ.

கடிந்து எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. நம் குடும்பத்தில் வாயில்லாப் பிராணிகளிடம் உனக்குள்ள கருணை வேறு யாருக்கும் இல்லை; மணி உன்னிடம் வந்தது அவன் பாக்கியம். அப்பாவைப் போன்ற சாதுவும் லட்சத்தில் ஒருவர்தான். என் நமஸ்காரத்தைச் சொல். அக்காவுக்குப் பிடித்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா அனுப்புகிறேன், மணிக்குக் கொடுத்துவிடாதே. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், எந்நேரமானாலும் சரி, எனக்குப் போன் செய்.

இப்படிக்கு,
மாமா