ஓடுபவர் மேல் பந்து பட்டால்?
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவன்)

ரமணாசிரமப் பகுதியில், செங்கம் சாலையை ஒட்டிய ஒரு காலி மனையில் ஞாயிறுதோறும் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் நடக்கும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனாலேயே என்னை நடுவராக நிறுத்திவிடுவார்கள்.

சென்ற கோடையில் ஒரு நாள், மட்டையாளர் நேராக ஓங்கி அடித்த பந்து எதிர்முனை ஆட்டக்காரரின் தோளில் பட்டு எழும்பியது. பந்து வீசிய தம்பி அது தரையில் விழுமுன் பிடித்துவிட்டான். "ஆள் மேல் பட்டுவிட்டது, செல்லாது" என்றேன். அது கடைசி விக்கெட். அடுத்த பந்தில் அவன் அணி தோற்றது. "அண்ணா காலேஜில படிக்கிறாரு, சரியாத்தான் சொல்லுவாரு" என்று மறுபேச்சின்றிப் போனான். அந்தச் சொல் என்னை உறுத்தியது. விதிகளைத் தேடிப் படித்தேன்.

கிரிக்கெட்டின் 33ஆம் விதிப்படி, பந்து மற்ற மட்டையாளர் மேல் பட்ட பின் பிடித்தாலும் அடித்தவர் ஆட்டமிழப்பார். பிடிக்காவிட்டால் ஆட்டம் தொடரும், ஓட்டமும் எடுக்கலாம். பந்து பட்டவர் மீது குற்றமில்லை. வேண்டுமென்றே தடுத்தால் மட்டுமே 37ஆம் விதி பாயும். 1951இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தின் லென் ஹட்டன், எழும்பிய பந்தை மட்டையால் தட்டி, விக்கெட் காப்பாளர் பிடிக்க முடியாமல் செய்து ஆட்டமிழந்தார்.

இதே கேள்விக்கு பேஸ்பால் வேறு விடை தருகிறது. அங்கே தளத்துக்குத் தளம் 90 அடி. ஓடுபவர் தடுப்பாளர்கள் பந்து பொறுக்கும் இடத்தினூடேயே ஓடவேண்டும். ஆகவே அடித்த பந்து, உள்தடுப்பாளர் எவரையும் தொடாமலும் கடக்காமலும் இருக்கையில், எல்லைக் கோட்டுக்குள் ஓடுபவர் மேல் பட்டால், தெரியாமல் பட்டாலும் அவர் அவுட். பந்து செத்ததாகும், அடித்தவருக்கு முதல் தளம் கிடைக்கும். தளத்தின் மேல் நிற்பதும் பொதுவாகக் காப்பாற்றாது. கோட்டுக்கு வெளியே பட்டால் அது தவறிய பந்து. யாரும் அவுட் இல்லை. மூன்றாம் தளத்தில் இருப்பவர் கோட்டுக்கு வெளியே தள்ளி நிற்பதன் இரகசியம் இதுதான்.

இந்த விதியிலும் ஓர் ஓட்டை இருந்தது. 1957இல் சின்சினாட்டி அணியின் டான் ஹோக், இரண்டாம் தளத்திலிருந்து ஓடும்போது, உருண்டு வந்த பந்தைத் தாமே கையால் எடுத்துவிட்டார். தடுப்பாளர் எடுத்திருந்தால் இருவர் அவுட் ஆகியிருக்கலாம். விதிப்படி அவர் ஒருவர் மட்டுமே அவுட் ஆனார். அதே ஆண்டில் விதி திருத்தப்பட்டது: இரட்டை அவுட்டைக் கெடுக்க வேண்டுமென்றே குறுக்கிட்டால், ஓடுபவரோடு அடித்தவரும் அவுட்.

ஆக, கிரிக்கெட் மனத்தைப் பார்க்கிறது. பேஸ்பால் முதலில் இடத்தைப் பார்த்து, பிறகு மனத்தையும் பார்க்கக் கற்றது. இரண்டும் காப்பது ஒன்றையே: பந்தைப் பிடிக்க உழைப்பவனின் வாய்ப்பு. அதைத்தான் அன்று நான் பறித்தேன்.

அடுத்த ஞாயிறு அந்தத் தம்பியிடம், எல்லோர் முன்னிலையிலும், "என் தீர்ப்பு தவறு" என்றேன். அவன் சிரித்தான். "அப்படின்னா அந்த விக்கெட் என் கணக்குதானே அண்ணா?" என்றான்.

ஆம், அவன் கணக்குதான். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் இருக்கும்வரை, நண்பர்களே, படித்துவிட்டுச் சொல்வது நம் கடமை.